எதிர்காலத்துக்கு ஆறு மார்க்

மடியில வெச்சிருக்கறது கிராபிக்ஸ் கார்டு தானுங்களே தம்பி? பெட்டியப் பாத்தாலே தெரியுது. மேல வைக்காதீங்க, இந்த டிரைவர் போடற பிரேக்குக்கு அது உங்க தலையிலதான் வந்து உழுகும். மடியிலயே இருக்கட்டும். எத்தனை ஜிபிங்க? எட்டா? எட்டு ஜிபியா எடுத்தீங்க? சரி. சரிங்க. எடுத்தாச்சு, இனிப் பேசி என்ன ஆகப்போகுது.

இல்லீங்க, நல்ல கார்டுதான். நான் குத்தஞ் சொல்லல. இன்னைக்கு வர்ற கேம் எல்லாத்தையும் ஓட்டும். நாளைக்கு வரப்போறதுக்குத்தான் நான் யோசிக்கறேன். நாளைக்கு வர்ற கேம் எல்லாம் அந்தக் கார்டுக்குள்ள இருக்கற மெமரியக் குடிச்சுத் தீத்துரும். எட்டு பத்தாதுங்க. நான் சொன்னா யாரு கேக்கறாங்க. சிகாமணியே கேக்கலையே.

சிகாமணி என்ற கூட்டாளிங்க. முழுப் பேரு தெய்வசிகாமணி. இந்த எட்டு ஜிபியால எனக்கும் அவனுக்கும் நாலு மாசம் பேச்சு வார்த்தை இல்லாமப் போச்சு. இருவது வருசப் பழக்கம். நான் பெருந்துறையில எறங்கணும், இன்னும் ஒரு மணி நேரம் இருக்குது. சொல்றேன், தப்பு யாரு மேலன்னு நீங்களே சொல்லுங்க.

ரெண்டு பேருக்கும் ஒரே சாயப்பட்டறையிலதான் வேலை. நான் பர்ச்சேஸ். சாயப்பொடி, உப்பு, சோடா, பம்ப்பு, பல்பு, எது வாங்கினாலும் எங்கிட்டத்தான் வரணும். மூணு கொட்டேசன் இல்லாம ஒரு தொடப்பம் வாங்கினதில்லைங்க நான். மொதலாளியே சொல்லுவாரு, நல்லசிவம் கையெழுத்துப் போட்டா அந்தச் சாமான் பத்து வருசத்துக்கு மக்கர் பண்ணாதுன்னு. கையெழுத்துப் போடறதுக்குள்ள மிசினு நின்னு போயிருதுன்னும் ஒருக்கா சொல்லியிருக்காரு, அது ஏதோ கோவத்துல.

சிகாமணி லேப்புல. ஷேடு பாக்கறவன். துணி வாங்கற பையர் கையளவு துணி அனுப்பிச்சு, இந்த நெறத்துல பத்தாயிரம் மீட்டர் வேணும்பான். அதே நெறம் வர்ற வரைக்கும் எந்தச் சாயம் எத்தனை கிராம்னு பாத்துப் பாத்துச் சொல்றது அவன் வேலை. மிசினெல்லாம் இருக்குதுங்க அதுக்கு. ஆனா மிசின் சரின்னு சொன்னதுக்கப்பறமும் ஜன்னலோரம் கொண்டு போயி அவன் ஒருக்கா பாத்துத் தலையாட்டணும். அப்பத்தான் வண்டி கெளம்பும். அப்பிடிக் கண்ணு அவனுக்கு.

கல்யாணத்துக்கு முன்னாடி ஈரோட்டுல ஒரே ரூம்புல இருந்தோம். ஞாயித்துக்கெழமையானா பிரவுசிங் சென்டர்ல கார் ரேஸ். அவன் ஓட்டுவான். நான் பக்கத்துல உக்காந்து எந்தக் கார் எடுக்கறது, எந்த டயர் போடறதுன்னு சொல்லுவேன். நான் ஓட்டினதில்லைங்க. ஓட்டறது யாரு வேண்ணாலும் ஓட்டலாம். எடுக்கறதுதானுங்க முக்கியம்.

போன வருசம் பங்குனி மாசம். கேன்டீன்ல சாப்பிட்டுட்டு இருக்கறோம். போனை எடுத்து எம் மூஞ்சிக்கு நேரா நீட்றான். "மாப்ள, இதைப் பாரு."

ஏதோ புதுக் கேமோட விளம்பரம். சண்டை இல்ல, துப்பாக்கி இல்ல. ஒருத்தன் மட்டக்குதிரை மேல கடுதாசிப் பையைப் போட்டுட்டு மலை மலையாப் போறான். ஊரு ஊராக் கடுதாசி குடுக்கறான். அவ்வளவுதான் கேமே.

"இதுல என்னடா இருக்குது?"ன்னு கேட்டேன்.

"அந்த மலைக்குப் பின்னால வானம் எறங்குது பாரு. அந்தக் காவி நெறத்தை நம்ம லேப்புல எடுக்கணும்னா ஒரு வாரம் ஆகும். இதைப் பெரிய திரையில பாக்கணும்டா. வீட்டுல பொண்ணு படிச்ச கம்ப்யூட்டர் சும்மாதான் கெடக்குது, அவ மதுரைக்கு நர்சிங் படிக்கப் போயிட்டா. இது ஓடணும்னா கிராபிக்ஸ் கார்டு போடணுமாமே. ரொம்பப் பெரிசும் வேண்டாம், ரொம்ப மட்டமும் வேண்டாம். நடுத்தரமா ஒண்ணு சொல்லு."

எங்கிட்டக் கேட்டான் பாருங்க. ஊருல ஆயிரம் பேரு இருக்க எங்கிட்டக் கேட்டான். "ரெண்டு வாரம் குடு"ன்னேன்.

ரெண்டு வாரத்துல முடியற வேலையா இது? நீங்களே பாத்திருப்பீங்க. பச்சைக் கம்பெனி கார்டு, சிவப்புக் கம்பெனி கார்டு. அதுலயே ஒவ்வொண்ணுக்கும் அஞ்சாறு பேரு சூடு தணிக்கற பேன் மாட்டி விக்கறான். ஒரு பேன் வெச்சது, ரெண்டு பேன் வெச்சது, மூணு பேன் வெச்சது. நான் எக்செல்ல ஒரு அட்டவணை போட்டேன். பதினாலு கார்டு, இருபத்திமூணு கட்டம். வேகம், மெமரி, சூடு, சத்தம், கரண்டு, நீளம், வாரண்டி. கடைசிக் கட்டத்துக்கு "எதிர்காலம்"னு பேரு வெச்சேன். இன்னும் அஞ்சு வருசங் கழிச்சு வர்ற கேம்களை இந்தக் கார்டு ஓட்டுமா, பத்துக்கு எத்தனை மார்க்குன்னு. ராத்திரி பகலாப் படிச்சு, வெளிநாட்டுக்காரன் வீடியோ எல்லாம் பாத்து மார்க்குப் போட்டேன். ஒரு கார்டும் ஆறைத் தாண்டலீங்க. பதினாலுல ஒண்ணு கூட.

என்ற சம்சாரம் அந்த அட்டவணையப் பாத்துட்டு, "நீங்க பொண்ணு பாக்க வந்தப்ப இது இல்லாமப் போச்சு, நான் தப்பிச்சேன்"னு சொல்லுச்சு. நல்ல வார்த்தையாத்தான் எடுத்துக்கிட்டேன். வாசிங் மிசின் வாங்கறதுக்கு நாலு வருசம் ஆச்சேன்னு இன்னும் அதுக்கு ஒரு கோவம். ஆனா வாங்கின மிசின் இன்னைக்கும் ஓடுதுங்களே! அந்த நாலு வருசமும் கையிலதான் தொவைச்சுது, அது வேற.

சிகாமணிகிட்டப் போயிச் சொன்னேன். "இப்ப எடுக்காத. ஆறு மார்க்குக்கு மேல ஒண்ணுமில்ல. ஆனி மாசம் புது வரிசை வருது. பொறு."

"இந்தக் கேம் இப்பவே வந்துருச்சுடா. இப்ப இருக்கற கார்டுல ஓடாதா?"

"ஓடும். இது ஓடும். இதுக்கு அடுத்து ஒண்ணு வருமே, அது?"

"எனக்கு இது ஓடினாப் போதும் மாப்ள."

"இப்பிடித்தான் எல்லாரும் ஏமாறுறாங்க"ன்னேன். சிரிச்சுட்டுப் போயிட்டான்.

ஆனி மாசம் புதுசு வந்துது. வந்தன்னைக்கே நான் கட்டத்தை நிரப்பிட்டேன். நல்ல கார்டுங்க, ஏழு மார்க். ஆனா மொதல் சரக்கை எடுக்கலாமுங்களா? எந்தச் சாமானுமே மொதல் சரக்குல ஏதாச்சும் ஒரு கோளாறு இருக்கத்தான் செய்யும். அதை ஓட்டற சாப்ட்வேரும் ஒரு நாலஞ்சு மாசம் பழகணும். "பொறு சிகாமணி, அடுத்தவன் வாங்கி அடி வாங்கட்டும். நாம ஆயுத பூசைக்குப் பாத்துக்கலாம்"னேன். சரின்னான். அவன் சரின்னு சொன்னதை நான் மறக்கல பாருங்க, அதனாலதான் பின்னாடி எனக்குக் கோவம்.

கருமத்தம்பட்டி வந்துருச்சா? இல்ல, இது வேற. இருங்க.

ஆடி மாசம் பட்டறையில ஒரு சம்பவம் ஆயிப்போச்சு. செருமனிக்காரனுக்குப் போக வேண்டிய சரக்கு. கரும்பச்சை. சிகாமணி ஜன்னலோரம் வெச்சுப் பாத்துத் தலையாட்டிட்டான். சாயம் ஏத்தி, காயப் போட்டு, மடிச்சு எடுத்தா அத்தனையும் காப்பிப்பொடிக் கலரு. லேப்புல இருக்கற சின்னப் புள்ளைக கூட, "சார், இது பச்சை இல்லைங்களே"ன்னு கேட்டிருக்குதுக. இவன், "பச்சைதாம்மா, நல்லாப் பாரு"ன்னு சொல்லியிருக்கான். மிசின் வேற தப்புன்னு சிவப்பு விளக்குப் போட்டிருக்குது. மிசினையே கோளாறுன்னு சொல்லிட்டான்.

மொதலாளி நல்ல மனுசன், வேலைய விட்டு அனுப்பல. லேப்புல இருந்து எடுத்து ஸ்டோருல உக்கார வெச்சாரு. சாயப்பொடி மூட்டை எண்ணற வேலை. நான் வாங்கற சரக்கு அவன்கிட்டத்தான் போகும். எனக்கு ஒரு வகையில வசதிங்க, தெனம் ரெண்டு வாட்டிப் பாத்து கார்டைப் பத்திப் பேசலாம்.

ஒரு நாள் மத்தியானம் மூட்டை மேல உக்காந்துட்டு இருந்தான். பக்கத்துல உக்காந்தேன்.

"கோயமுத்தூர்ல கண்ணாஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்தேன் மாப்ள"ன்னான். "உள்ள ஒரு சவ்வு இருக்குதாம், அது தேயுதாம். ஒரு கண்ணு முக்கால்வாசி போயிருச்சாம், எனக்கே தெரியல, இன்னொண்ணு பாத்துக்கிட்டதால. மொதல்ல நெறம் போகுமாம். அப்பறம் உருவம். இருக்கற கண்ணுக்கும் ஒரு வருசத்துக்குள்ளன்னு சொல்றாங்க. மருந்து இல்லியாம்."

நான் என்ன சொன்னேன் தெரியுங்களா? "அப்பன்னா மானிட்டரையும் மாத்திரணும்"னேன். "கண்ணுக்கு எதமா இருக்கற மாதிரி, கருப்பு கருப்பாவே தெரியற திரை இப்ப வந்திருக்குது. கார்டோட சேத்து எடுத்துக்கலாம். கட்டத்துல சேத்துடறேன்."

நல்ல ஓசனைதானுங்களே? அன்னைக்கு ராத்திரியே பதினொரு மானிட்டரப் பாத்தேன். தூக்கம் வரலீங்க. எத்தனை மணி வரைக்கும் பாத்தேன்னு எனக்கே தெரியல. கெட்ட சேதி எதையும் ஒரேயடியா நம்பிரக் கூடாதுங்க. டாக்டருக ஒரு வருசம்பாங்க, அப்பறம் பாத்தா இருவது வருசம் இருக்கும். எங்க பெரியப்பனுக்கு அப்பிடித்தான் சொன்னாங்க. அவருக்குச் சக்கரை, இது வேற. இருந்தாலும்.

ஆவணியில அவனே ஸ்டோருல இருந்து எம் மேசைக்கு வந்தான். செவுத்தைப் புடிச்சு நின்னுட்டு, "மாப்ள, ஏதாச்சும் ஒண்ணு சொல்லுடா. இன்னைக்கே சொல்லு"ன்னான்.

நான் பொறுமையா எடுத்துச் சொன்னேன். "இத பாரு. தை மாசம் அமெரிக்காவுல பெரிய கண்காட்சி. ரெண்டு கம்பெனிக்காரனும் அடுத்த தலைமுறைக் கார்டை அங்கதான் காட்டப் போறான். பன்னெண்டு ஜிபி, பதினாறு ஜிபின்னு வரும். நடுத்தர வெலையில. இத்தனை மாசம் பொறுத்தாச்சு, ஜனவரி வரைக்கும் பொறுத்தா என்ன?"

"ஜனவரியில எனக்கு என்ன தெரியும்னு தெரியல மாப்ள"ன்னான்.

"உனக்கு ஒண்ணும் தெரிய வேண்டாம்டா. எல்லாம் எனக்குத் தெரியும். நான் பாத்துக்கறேன்"னேன்.

கொஞ்ச நேரம் என்னையவே பாத்துட்டு நின்னான். என்னையப் பாத்தானோ, எனக்குப் பின்னால இருந்த காலண்டரைப் பாத்தானோ. அப்பறம் போயிட்டான்.

அவன் எனக்குப் பண்ணினதை இனிமேத்தான் சொல்லப் போறேன். கேட்டுக்குங்க.

பத்து நாள் கழிச்சு பட்டறைப் பைல் ஒண்ணு வாங்கறதுக்கு அவன் வீட்டுக்குப் போனேன். அவன் சம்சாரம் பூங்கோதை காப்பி போட உள்ள போச்சு. முன் ரூம்புல கம்ப்யூட்டர் பக்கவாட்டு மூடி கழட்டிக் கெடக்குது. உள்ள பாத்தா, கார்டு! பேன்ல ஒரு எறக்கை நுனி ஒடைஞ்சு போன பழைய கார்டு. மூணு வருசத்துக்கு முந்தின வரிசை. எட்டு ஜிபி. எங் கட்டத்துல எதிர்காலத்துக்கு மூணு மார்க் வாங்கினது. மூணு!

 "இது யாரு குடுத்தது?"ன்னேன்.

"ரெஹானா அம்மிணி கடையில. ஈரோட்டுல, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால"ன்னான். "ஓடுது மாப்ள. சூப்பரா ஓடுது. உக்காரு, காட்டறேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியாடா?"

"சொன்னா நீ விட மாட்ட."

"அஞ்சு மாசம் ஒனக்காகப் படிச்சிருக்கறேன்."

"தெரியும்டா. அதனாலதான் சொல்ல வாயி வரல."

காப்பி வர்றதுக்குள்ள கெளம்பி வந்துட்டேன். நேரா ஈரோடு. அந்தக் கடை ரெண்டாள் நிக்கற அகலம். பழைய கம்ப்யூட்டர் ரிப்பேர் பண்ணி விக்கற கடை. அந்தப் பொண்ணு கண்ணாடி போட்டுட்டு ஒரு போர்டுல ஈயத்தைப் பத்த வெச்சுட்டு இருந்துது.

"ஏம்மா, வெவரந் தெரியாதவங்க தலையில மூணு வருசத்துப் பழசைக் கட்டறதுதான் தொழிலா?"ன்னேன்.

அது பதறல. யாரு, என்னன்னு வெசாரிச்சுது. சொன்னேன். "ஓ, நீங்கதான் அந்த அட்டவணைக்காரரா"ன்னுது. பாருங்க, எம் பேரு அந்தக் கடை வரைக்கும் போயிருக்குது.

"அண்ணா, கடைக்கு வர்றவங்க பத்துக் கேள்வி கேப்பாங்க. அவரு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாரு. இன்னைக்குச் சாயங்காலமே ஓடுமான்னு. நானே அவங்க வீட்டுக்கு வந்து மாட்டிக் குடுத்தேன். திரையில அந்த மலை வந்ததும் அவரு கையைத் தட்டினாரு. எங் கடையில வாங்கினவங்க யாரும் இதுவரைக்கும் கையைத் தட்டினதில்ல"ன்னுது.

"எதிர்காலத்துல வர்ற கேமை இது ஓட்டுமா?"ன்னேன் விடாம.

"ஓட்டாது"ன்னுது. ஒத்துக்கிச்சுங்க! மூஞ்சிக்கு நேரா ஒத்துக்கிச்சு. அப்பறம் அதும்பாட்டுக்கு வேலையப் பாக்க ஆரம்பிச்சிருச்சு. வாதத்துல நான்தான் ஜெயிச்சேன்.

அன்னையிலிருந்து அவனோட பேசறதில்லைன்னு முடிவு பண்ணிட்டேன். ஸ்டோருக்குச் சீட்டு மட்டும் அனுப்புவேன். அவன் அதுக்கும் சிரிச்சுட்டே கையெழுத்துப் போட்டு அனுப்புவானாம். கையெழுத்து வரவரக் கோட்டுக்குக் கீழ எறங்கிட்டே வந்துது, அதை நான் பாத்தேன். ஆயுத பூசை கழிச்சு வேலைக்கு வர்றதையே நிறுத்திட்டான். முழு நேரமும் கேமு போலருக்குதுன்னு நெனச்சுக்கிட்டேன்.

தீபாவளிக்கு அந்த ஏழு மார்க் கார்டு நல்லா வெலை எறங்குச்சு. நான் சொன்னபடியே! அந்த விளம்பரத்தைப் போட்டோ எடுத்து, ஒரு வார்த்தை எழுதாம அவன் போனுக்கு அனுப்பினேன். அவனா உணரட்டும்னு. அவன் பதிலுக்கு ஒரு படம் அனுப்பினான். கேமுக்குள்ள எடுத்த படம். ஒரு கடல், ஓரத்துல உப்பளம், தூரத்துல ஒருத்தி நிக்கறா. பெரிசு பண்ணிப் பாத்தேன். நெழலெல்லாம் கட்டங் கட்டமா இருந்துது. மூணு மார்க் கார்டுல அப்பிடித்தான் வரும்.

கார்த்திகை மாசம் பூங்கோதை போன் பண்ணுச்சு.

"ஏனுங்ணா, அவரு உங்களுக்கு ஒரு எடத்தைக் காட்டணும்ங்கறாரு. கேமு முழுசும் முடிச்சிட்டாரு. ரெண்டாந் தடவை போயிட்டு இருக்கறாரு. வந்து ஒரு பத்து நிமிசம் உக்காந்துட்டுப் போங்க. இந்த வாரமே வந்தாத் தேவலைங்ணா."

"எட்டு ஜிபியில என்ன அம்மிணி பாக்கறது? மார்கழி முடியட்டும். தையில புதுசு வருது, அதைப் போட்டுட்டு எல்லாருமா உக்காந்து பாக்கலாம்"னேன்.

 "சரிங்ணா"ன்னுது. போனை வெச்சிருச்சு. எப்பவும், "வெச்சிரட்டுங்களாங்ணா"ன்னு கேட்டுத்தான் வைக்கும். அன்னைக்குக் கேக்கல. எனக்கு மனசு ரொம்பச் சங்கடமாப் போச்சுங்க, இத்தனை வருசப் பழக்கத்துல ஒரு மரியாதை வேண்டாமா?

தை பொறந்துது. கண்காட்சியில புதுக் கார்டைக் காட்டினாங்க. பன்னெண்டு ஜிபி. நடுத்தரம். சத்தமில்ல, சூடில்ல. நான் சொன்னது ஒவ்வொண்ணும் அப்பிடியே நடந்துது தம்பி! எதிர்காலத்துக்கு எட்டு மார்க் போட்டேன். வாழ்க்கையில மொதல் வாட்டி எட்டு. சந்தோசம் தாங்கல. கோவமெல்லாம் மறந்து போச்சு. பொங்கல் கழிஞ்சு அந்த ஞாயித்துக்கெழமை, கட்டத்தையெல்லாம் நல்ல பேப்பர்ல பிரிண்ட் எடுத்துட்டு, காலையில பத்து மணிக்கு அவன் வீட்டுக்குப் போனேன்.

வாசல்ல செருப்பை விடறதுக்குள்ள உள்ள இருந்து குரல். "நல்லசிவமா? வாடா மாப்ள."

கம்ப்யூட்டர் ஓடுது. அதுக்கு முன்னாடி பூங்கோதை உக்காந்து கையில கன்ட்ரோலர் வெச்சிருக்குது. திரையில குதிரை போயிட்டிருக்குது. சிகாமணி அதுக்குப் பக்கத்துல, நாற்காலியத் திருப்பிப் போட்டு, ஜன்னலைப் பாத்து உக்காந்திருக்கான்.

"எடப்பக்கம் ஒரு பாலம் வரும்"ங்கறான். "வந்துருச்சா? அதுல ஏறாத. கீழ எறங்கு. ஓடைக்குள்ளயே போ."

"வந்துருச்சுங்க. எறங்கிட்டேன்"ங்குது பூங்கோதை.

திரையப் பாக்கவே இல்லீங்க அவன். ஒருக்கா கூடத் திரும்பல. நான் நின்னுட்டே இருந்தேன்.

"உக்காருடா. புதுசு வந்துருச்சாமே?"ன்னான்.

"வந்துருச்சு"ன்னு பேப்பரை அவங் கையில குடுத்தேன். வாங்கித் தடவிப் பாத்தான். "நல்ல பேப்பர். ஆபீசு பேப்பரா? நீயே படி."

படிச்சேன். இருபத்திமூணு கட்டமும் படிச்சேன். அவன் ஒண்ணு விடாமக் கேட்டான். நடுவுல, "பழசை விடச் சூடு கம்மியாடா?"ன்னு கேள்வியெல்லாம் கேட்டான். கடைசியில, "எதிர்காலத்துக்கு எத்தனை போட்ட?"ன்னான்.

"எட்டு."

"அடேங்கப்பா"ன்னான். கிண்டல் இல்லீங்க, நெசமாவே சந்தோசப்பட்டான். "நீ வாங்கிட்டியா?"

"நானா? எனக்கெதுக்குடா? நான் எங்க கேம் ஆடறேன்?"

"ஆடு. இப்ப ஆடு. அம்மிணி, அவன்கிட்டக் குடு."

பூங்கோதை எந்திரிச்சு எடம் விட்டுது. கன்ட்ரோலரை எங் கையில குடுத்துது. தம்பி, உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன, அதை எப்பிடிப் புடிக்கறதுன்னே எனக்குத் தெரியல. எத்தனை பட்டன்! குதிரையத் திருப்பறேன்னு நேரா மலையில இருந்து கீழ உட்டுட்டேன். மறுபடி. மறுபடியும் கீழ. மூணாவது வாட்டி சிகாமணி சிரிச்ச சிரிப்புல நாற்காலி ஆடுச்சு. பூங்கோதையும் சிரிச்சுது. நானும் சிரிச்சேன்னு வெச்சுக்குங்களேன்.

அப்பறம் அவன் சொல்லச் சொல்லப் போனேன். அவனுக்கு எல்லாம் மனப்பாடம். இங்க ஒரு புளிய மரம் மாதிரி ஒண்ணு, இங்க ஒரு இடிஞ்ச செவுரு, இங்க நாய் கொரைக்கும் பயப்படாத. நாய் கொரைச்சுது. ஒரு மேடு ஏறி எறங்கினா கடல் வந்துருச்சு.

"வந்துட்டியா? அங்க நிறுத்து. இந்த எடத்தைத்தான் உனக்குக் காட்டணும்னு இருந்தேன். இப்ப நீ எனக்குச் சொல்லு. என்ன தெரியுது?"

"தண்ணி"ன்னேன்.

"எப்பிடித் தண்ணி?"

"அலையோட ஓரமெல்லாம் ரம்பப் பல்லு மாதிரி இருக்குது. நெழலு சரியா உழுகல. அந்தக் கார்டுக்கு அவ்வளவுதான்…"

"கார்டை விடுடா. தண்ணியச் சொல்லு."

பாத்தேன். சொல்ல ஆரம்பிச்சேன். கரையில வெள்ளையா இருக்குது, அப்பறம் பச்சை, அதுக்கப்பறம் நீலம், கடைசியில எங்க முடியுதுன்னு தெரியலன்னேன். "என்ன பச்சை?"ன்னான். வெத்தலைக் கொழுந்து வெயிலுக்குத் தூக்கிப் புடிச்சா எப்பிடி இருக்கும், அந்தப் பச்சைன்னேன். எங்கிருந்து வந்துச்சோ அந்த வார்த்தை. "ஆமா, அதேதான்"னான். உப்பைக் குமிச்சு வெச்சிருக்கறாங்க, பத்துப் பதினஞ்சு குமியல். ஒரு ஆளு பலகையில இழுக்கறான். அந்தப் பக்கம் ஒரு குடிசை. வாசல்ல ஒருத்தி நிக்கறா, கண்ணுக்கு மேல கையை வெச்சுப் பாதையவே பாத்துட்டு.

"அவளுக்குத்தான் கடுதாசி"ன்னான். "அவ புருசன் எழுதினது. போயிக் குடு."

குதிரையக் கெளப்பினேன். பாதி தூரம் போயிருப்பேன். திரை கலங்கிப் போச்சுங்க. கடலு, உப்பு, அந்தப் பொம்பள, எல்லாம் ஒண்ணா ஓடிக் கலந்து ஒண்ணுமே தெரியல. எனக்குத் தெரியும் தம்பி, நான் மொதல்லயே சொன்னேன், எட்டு ஜிபின்னா இப்பிடித்தான் ஆகும். பட்டனை விட்டுட்டேன். குதிரை நின்னு போச்சு.

 பூங்கோதை போயி ரூம்புப் பேனைப் போட்டு உட்டுச்சு. தை மாசம், நான் வேர்வையத்தான் தொடைக்கறேன்னு நெனச்சிருச்சோ என்னமோ.

"ஏன் மாப்ள நின்னுட்ட?"ன்னான் சிகாமணி.

"கார்டு திணறுதுடா"ன்னேன்.

"திணறட்டும். நில்லு"ன்னான். "எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."